பிரித்து வைத்த பதினேழு ரீம்

அந்த அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. எல்லோருக்கும் அவர் பேப்பர் டாக்டர். கேலியாக ஆரம்பித்ததுதான், ஆனால் மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். போனில்கூட "ஆமா, டாக்டர்தான் பேசறேன்" என்பார். எதிர்முனையில் இருந்தவர் தன் முதுகுவலியைச் சொல்ல ஆரம்பித்த கதையெல்லாம் உண்டு.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆலைக் கழிவு என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுக்கும் இடம் அது. மாடியில் சோதனைக்கூடம், கீழே அலுவலகம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது அறிக்கையாவது அச்சாகி வெளியே போகும். அதனால் பேப்பர் அங்கே லேசுப்பட்ட விஷயம் இல்லை. அதைப் பார்த்து வாங்குவதும் அடுக்கி வைப்பதும் டாக்டரின் பொறுப்பு. இங்கே வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவர். முட்டி வலி வந்து, நின்றபடி பார்க்கும் வேலை ஒத்துவராமல், நாற்காலி வேலைக்கு மாறினார். வேலைதான் மாறியதே தவிர வாய் மாறவில்லை.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து லேசாகத் தேய்ப்பார். காதருகே கொண்டுபோய் ஒரு சொடுக்குச் சொடுக்குவார். "எழுபத்தஞ்சு ஜிஎஸ்எம். எண்பதுன்னு சொல்லி உங்க தலையில கட்டப் பாத்திருக்கான்" என்பார். தாளின் கனத்தைச் சொல்கிற அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தெருவில் யார் வீட்டில் பிரிண்டர் வாங்கினாலும் முதல் விசாரணை இவரிடம்தான். "சும்மா எடுத்துப் பாக்கறதுக்கு எழுபது போதும். ரெண்டு பக்கமும் அடிக்கறதா இருந்தா எண்பதுக்குக் கீழ போகாதீங்க, பின்பக்க எழுத்து முன்னால வந்து எட்டிப் பாக்கும். வேலைக்கு மனு போடறியா, நூறு வாங்கு. போட்டோ அடிக்கற பளபளா பேப்பரை மட்டும் லேசர் பிரிண்டர்ல விட்டுடாதீங்க சாமி, உள்ளயே உருகி ஒட்டிக்கும்!" கேட்டவர் போதும் போதும் என்று ஓடும்வரை விடமாட்டார்.

அவருடைய மருமகளும் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாள். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகனுக்கு வேலை வேறு ஊரில். மாதம் இரண்டு தடவை வந்து போவான். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, நானும் வேலைக்குப் போகட்டுமா?" அறிக்கைகளை அச்சடித்து, சரிபார்த்து, உறையில் போட்டு அனுப்பும் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். ஆறாவது மாத முடிவில் மேலாளர் அம்மாள் பார்த்து நிரந்தரமாக்கினால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கடிதத்துக்காக அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மருமகள் என்பதால் சலுகை காட்டுகிறார் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால்? அந்தப் பயம் டாக்டருக்கு. முதல் நாளே பஸ்ஸில் சட்டம் போட்டுவிட்டார். "இதோ பாரும்மா, ஆபீஸ்ல மாமா கீமா எல்லாம் கூடாது. சார்னுதான் கூப்பிடணும்." அதோடு விட்டாரா? மற்றவர்கள் பத்துத் தப்புச் செய்தால் ஒன்றைக் கேட்பவர், இவள் ஒரு தப்புச் செய்தால் பத்துத் தடவை கேட்டார். நேர்மையாக இருப்பது என்றால் சொந்தக்காரியை நாலு பேர் முன்னால் திட்டுவது என்று யார் இவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்ததும் பிரிண்டரும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்துத் தாள் ஒழுங்காக வரும், பதினோராவது உள்ளே சுருண்டுகொள்ளும். வந்த தாளும் ஓரம் மடிந்து அப்பளமாக வரும். அறைக்கு நடுவில் நின்றுகொண்டு டாக்டர் சத்தம் போடுவார். "ட்ரேல இப்படியா திணிப்பாங்க? விசிறிப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது? கையா அது, காலா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு, மூடியைத் திறந்து, சிக்கிய தாளைக் கிழியாமல் இழுத்தெடுப்பாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

ஒரு தடவை மட்டும் சொல்லிப் பார்த்தாள். "சார், பேப்பர் கொஞ்சம் ஈரமா இருக்கற மாதிரி இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டிருக்கும். "கேட்டீங்களா? பேப்பர் டாக்டருக்கே வைத்தியம் சொல்றாங்க அம்மணி! பேப்பரைத் தொட்டு நான் இருபத்தஞ்சு வருஷமாச்சு, நீ தொட்டு அஞ்சு மாசம்!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரிக்காமல் எப்படி இருக்க முடியும்? அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய தாள் கட்டு வந்தால் உடனே மெஷினில் ஏற்றமாட்டார்கள். உறையைப் பிரித்து, மெஷின் இருக்கும் அறையிலேயே ஒரு நாள் போட்டு வைப்பார்கள். அந்த அறையின் காற்றுக்குப் பேப்பர் பழகட்டும் என்று. அங்கே அது சரி. டாக்டர் அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டார். சரக்கு வந்த அன்றே ஸ்டோர் அறைக்குள் போய், ரீம் ரீமாக, ஐந்நூறு தாள் கட்டு ஒவ்வொன்றாக, உறையைப் பிரித்து, தாளை விசிறிவிட்டு, அலமாரியில் பரப்பி வைப்பார். "பேப்பரும் மூச்சு விடணும் இல்லையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அலமாரிக்குப் பின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சோதனைப் பாட்டில்களைக் கழுவும் தொட்டி, அந்த வருஷக் கோடையில் புதிதாகக் கட்டியது. மழைக்காலத்தில் அந்தச் சுவரைத் தொட்டால் கை நனையும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை, தப்பித்துக்கொண்டிருந்தார். ஊர்த் தண்ணீரையெல்லாம் அளந்து சொல்லும் இடத்தில், பேப்பருக்குள் ஏறிய தண்ணீரை யாரும் அளக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது அறிக்கை மதியத்துக்குள் போயாக வேண்டிய நேரத்தில், பிரிண்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மேலாளர் அம்மாளே அறையை விட்டு வெளியே வந்து நின்றார். மெக்கானிக் வந்தார். தோளில் ஒரு பை, வாயில் ஓயாத பேச்சு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உருளையில் சுற்றிக்கொண்டிருந்த மூன்று தாளை உருவினார். ஒன்றைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு இல்ல மேடம். பேப்பர் எங்க வெச்சிருக்கீங்க?"

எல்லோரும் ஸ்டோர் அறை வாசலுக்குப் போனார்கள். மெக்கானிக் அலமாரியைப் பார்த்து ஒரு விசில் அடித்தார். பிரித்ததில் ஒரு பிடி, பிரிக்காத ரீமிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக் காட்டினார். பிரிக்காதது தட்டையாக, அழகாக வந்து விழுந்தது. பிரித்தது நாலாவது தாளிலேயே சுருண்டது.

"இந்த மெஷின் இஸ்திரிப் பெட்டி மாதிரி மேடம். உள்ள போனதும் சூடு பண்ணும். தாள்ல ஈரம் இருந்தா ஒரு பக்கமா இழுத்துச் சுருண்டுக்கும். இதோ, இந்த உறையோட உள்பக்கம் மெழுகு மாதிரி பூசியிருக்கானே, அழகுக்கா? ஈரம் ஏறாம இருக்கத்தான். தேவைப்படற அன்னிக்குத்தான் பிரிக்கணும். பதினேழு ரீமை இப்படி அவுத்துப் போட்டு வெச்சது யாரு?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அது வாயை விட்டு வெளியே வரவில்லை. மேலாளர் இருக்கிறார், கணக்குப் பிரிவு ஆள் இருக்கிறார், மாடியிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒரு மூச்சுக்குள் குரல் வந்துவிட்டது.

"நான்தான் சார்," என்றாள் மருமகள். "தெரியாம பிரிச்சு வெச்சுட்டேன்."

ஸ்டோர் அறைச் சாவி வெளியே ஆணியில்தான் தொங்கும். பேப்பர் எடுக்கப் போய் வருவதும் அவள்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலாளர் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, உன் மாமனாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அவர் பாத்துப் பாத்து வாங்கறதை இப்படிப் பாழாக்கிட்டியே. என்ன டாக்டர்?"

டாக்டர் தலையாட்டினார். ஐயோ, அதுதான் கொடுமை! சும்மா நின்றிருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தலை தானாக மேலும் கீழும் ஆடியது. ஆட்டிய பிறகுதான் ஆட்டியதே தெரிந்தது. மருமகள் பிரிண்டர் பக்கம் திரும்பி, புது ரீமின் உறையைக் கத்தரியால் நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வழக்கமாக வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருபவர் அன்றைக்கு டிக்கெட் கேட்டதோடு சரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நிறுத்தங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவர் மனைவி டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? ஆபீஸ்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல அத்தை. பிரிண்டர் ரிப்பேர்," என்றாள் மருமகள்.

"அது என்ன பெரிய விஷயம்? உங்க மாமா பக்கத்துலயே இருக்காரு. இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும் சொல்லு?"

"ஆமா அத்தை."

டாக்டர் டீயை அப்படியே வைத்துவிட்டார். உள்ளே போய், சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. ஐந்து மாதமாக அவளைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு வேறு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதற்கு நடுவே அவருக்கு லேசாக ஒரு சந்தோஷமும் இருந்தது. தன்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தலையில் வாங்கிக்கொண்டாளே, எவ்வளவு பாசம், எவ்வளவு மரியாதை, தங்கமான பெண் என்று நினைத்தார். அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தார்.

நாளைக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை அப்படியே போனது. வியாழக்கிழமை காலையில் மேலாளர் அவரைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்க மருமக விஷயம் டாக்டர். ஆறு மாசம் முடியப் போகுது. இவ்வளவு கவனக்குறைவா இருந்தா நான் எப்படி நிரந்தரமாக்கறது? தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை சொல்லிடலாம்னு இருக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? சொல்லவில்லை. "உங்க முடிவு மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் அந்த மகானுபாவர்.

வந்தவர் அன்று மதியம் செய்த காரியம் இருக்கிறதே, அதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கசங்கிய பழைய உறைகளைத் தேடியெடுத்து, பிரித்த ரீம்களைத் திரும்ப அதற்குள் வைத்து, செல்லோடேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தார். ஏன்? அவருக்கே தெரியாது. யாராவது வந்து எண்ணிப் பார்த்துவிடுவார்கள், கேள்வி மேல் கேள்வி வரும், நூல் பிடித்துக்கொண்டு தன்னிடம் வந்துவிடும் என்று ஏதோ ஒரு பயம். முட்டி வலிக்கத் தரையில் மண்டியிட்டு, பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினார். நாலு முடித்து ஐந்தாவதில் இருக்கும்போது கதவு திறந்தது.

துடைப்பத்தோடு வந்தாள் அறை கூட்டும் அம்மா. வயதானவள், வாயில் வம்பு கிடையாது. நின்று பார்த்தாள்.

"என்ன சார், நீங்களே ஒவ்வொண்ணா பிரிச்சு அடுக்குவீங்க. இப்ப நீங்களே ஒட்டறீங்க? கடைக்காரன் திரும்ப எடுத்துக்கறேன்னானா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஒரு குத்தலும் இல்லை. டாக்டர் பல்லிடுக்கில் டேப் தொங்க அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தாறு வயதில், தரையில் தவழ்ந்துகொண்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு. தன்னுடைய கோலம் அவருக்கே தெரிந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று வந்தது. டேப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"மேடம், பேப்பரைப் பிரிச்சு வெச்சது அவ இல்ல. நான். ரொம்ப நாளா நான்தான் பிரிச்சு வெக்கறேன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை நான் கேட்டதுக்குத் தலையாட்டினீங்களே?"

"ஆட்டினேன் மேடம்."

"இன்னிக்குக் காலைல உங்க முடிவுன்னீங்களே?"

"சொன்னேன்."

"நான் திங்கக்கிழமை அவளை அனுப்பியிருந்தா?"

டாக்டர் தரையைப் பார்த்தார். பூமி பிளந்து விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அது எங்கே பிளக்கிறது, அன்றைக்குத்தான் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

"என்கிட்ட வந்து காதோட சொன்னா போதாது," என்றார் மேலாளர். "அவளை எங்க நின்னு திட்டினீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க."

சாப்பாடு முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறைக்கு நடுவில் போய் நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றார். ஏதோ பேப்பர் சமாச்சாரம் என்று நினைத்து கணக்குப் பிரிவு ஆள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். "அந்த ரீமெல்லாம் பிரிச்சு வெச்சது நான்தான். அவ இல்ல. பேப்பர் ஈரமா இருக்குன்னு அவ அப்பவே சொன்னா. நான் சிரிச்சேன். நீங்களும் பாத்தீங்க. பிரிண்டர் சிக்கினதுக்கு அவளை நான் திட்டினது அத்தனையும் தப்பு. மெக்கானிக் கேட்டப்ப நான் வாயைத் திறக்கல. அதுவும் தப்பு."

மருமகள் கையிலிருந்த அறிக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது. "சரி விடுங்க டாக்டர், ஆகறதுதானே," என்றார் கணக்குப் பிரிவு ஆள். அந்த டாக்டர் என்ற வார்த்தை அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலமே மேலாளர் மருமகளைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். டாக்டரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஊரோட அந்தக் கோடியில சோதனைக்குக் கொண்டு வர்ற தண்ணியை வாங்கி வெக்கறதுக்குப் புதுசா ஒரு இடம் திறக்கறோம்மா," என்று மேலாளர் சொல்லிக்கொண்டே போனார். "ஒரே அறை. ரெண்டு பஸ் மாறணும். யாரைக் கேட்டாலும் மாட்டேங்கறாங்க. நீ கட்டாயம் போகணும்னு இல்ல—"

"நான் போறேன் மேடம்," என்றாள். அவர் வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை.

பஸ்ஸில் மறுபடியும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டருக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அவளுக்கும் வேலை கிடைத்தாயிற்று. இப்போது ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. பதில் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தார். அதை அவள் வாயால் கேட்க ஓர் ஆசை.

"ஏம்மா, அன்னிக்கு நீ ஏன் நான்தான்னு சொன்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கோபமே இல்லாமல், அறிக்கையைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள். "நீங்கன்னு சொல்லியிருந்தா ஆபீஸ்ல எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது மாமா. ஆனா சாயங்காலம் இதே சீட்லதானே உங்க பக்கத்துல உக்காந்து வரணும். வீட்டுக்கு வந்து உங்களுக்குத்தானே தட்டு வெக்கணும். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா அத்தை என்னைத்தான் என்ன பண்ணினேன்னு கேப்பாங்க. போன தடவை எட்டு நாள் பேசல நீங்க. வேலை போனா வேற தேடிக்கலாம். வீட்டை விட்டு எங்க போறது?"

எந்தப் போன தடவை என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவளுடைய முழங்கை, மடியில் இருந்த பை எல்லாம் நனைந்தன. சாத்துவதற்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே நிறுத்தி, முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாத்தட்டுமா மாமா?"

அவர் தலையாட்டிய பிறகுதான் சாத்தினாள். வீட்டில் மின்விசிறியைப் போடும்போதும், டிவியை நிறுத்தும்போதும், அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லும்போதும் அவள் இப்படித்தான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு வருஷமாக அவர் அதை மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.